காத்திருப்பது பயணம் ஆகாது

மேல் நிலையத்துக்கும் கீழ் நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், எந்தப் பக்கமிருந்து கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. மேலிருந்து கீழே போனால் இருநூற்றுப் பதினான்கு கிலோமீட்டர். கீழிருந்து மேலே வந்தால் இருநூற்றுப் பத்தொன்பது. இரண்டும் அரசு முத்திரை வாங்கிய எண்கள், ஆகவே இரண்டும் உண்மை.

விவரம் தெரியாதவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தூரத்தை நிலைய இயக்குநரின் நாற்காலியிலிருந்து எதிர் நிலையத்தின் ஓடுபாதை வரை அளக்க வேண்டும் என்பது விதி. மேல் நிலையத்து இயக்குநர் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கீழ் நிலையத்து இயக்குநருக்கு விமானச் சத்தம் ஆகாது. அதனால் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் ஓர் அறை எடுத்துக்கொண்டார். அந்த ஐந்து கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கப் பதினொரு வருடமாக ஒரு குழு இருக்கிறது. குழுவுக்குத் தனிக் கார் உண்டு, தனி அறை உண்டு. நாற்காலியை நகர்த்தச் சொல்லும் அதிகாரம் மட்டும் கிடையாது.

இரண்டும் சின்ன விமான நிலையங்கள். நாளுக்கு ஒரு விமானம் போகும், ஒரு விமானம் வரும். இரண்டும் ஒரே விமானம்தான். பதினெட்டு பேர் உட்காரலாம், ஒல்லியாக இருந்தால்.

மேல் நிலையத்தின் தூர நேரப் பிரிவில் ஓர் எழுத்தர் இருந்தார். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் நாற்பது சார். வயது என்னவோ ஐம்பத்திரண்டு. ‘இவ்விரு நிலையங்களுக்கும் இடையே பயண நேரம் நாற்பது நிமிடம்’ என்று வருடத்துக்கு ஒரு தடவை பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. மீதி நாளெல்லாம் அந்த வரியைக் காப்பாற்றுவது அவர் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நாற்பது சார் பேனா சறுக்கியதில்லை.

அவருடைய திறமை எழுத்தோடு நிற்கவில்லை. சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும் நேரம் மட்டுமே பயண நேரம் என்று வரையறுத்தவர் அவர்தான். ‘காத்திருப்பது பயணம் ஆகாது’ என்ற வாசகமும் அவருடையதே. புறப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஆள் உயர எழுத்தில் அதைத் தீட்டியிருந்தார்கள். எதிர்க்காற்று அடித்தால் விமானத்துக்கு நாற்பத்தாறு நிமிடம் ஆகிவிடுகிறது என்று ஒரு சமயம் சிக்கல் வந்தது. காற்று அடங்கும் வரை விமானத்தை விடாமல் வைத்திருந்தால் நாற்பது நாற்பதாகவே இருக்கும் என்று அரைப் பக்கக் குறிப்பு எழுதினார். ஆறு நிமிடத்தை மிச்சம் பிடிக்க மூன்று மணி நேரம் காக்க வைக்கும் அந்த யோசனைக்கு இலாகா பாராட்டுக் கடிதம் கொடுத்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

கீழ் நிலையம் இருக்கும் ஊரில் அவருடைய அக்கா இருந்தார். அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அம்மா இல்லாத வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி இல்லை. முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை பஸ் ஏறித் தம்பியைப் பார்த்துவிட்டுப் போவார். வயிற்று வலி வந்தபின் அதுவும் நின்றது. தம்பி போய்ப் பார்த்து ஆறு வருடமாகியிருந்தது. கல் மனசுக்காரர் ஒன்றும் இல்லை. நாற்பது நிமிஷம்தானே, நினைத்தால் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது.

"பித்தப்பையில கல்லுடா. வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. அந்த டாக்டர் வாரத்துல அன்னிக்கு மட்டும்தான் வருவாராம். மூணு மணிக்குக் கிளம்பிடுவாராம்."

"ஐயோ, என்னக்கா இப்ப சொல்ற?"

"கூடப் பொறந்தவங்க யாராவது வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள கூட்டிட்டுப் போவாங்களாம். நீதான் இருபத்திரண்டு வருஷமா கையெழுத்துப் போட்டுட்டு இருக்கியே, எனக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போ. உன் மூஞ்சியைப் பாத்த மாதிரியும் இருக்கும்."

"வந்துடறேன்கா. நாப்பது நிமிஷம்தானே."

"அதைத்தான் நர்ஸ் பொண்ணுகிட்டயும் சொல்லியிருக்கேன்" என்றார் அக்கா, பெருமையாக.

புதன்கிழமை காலை விடுப்பு விண்ணப்பத்தோடு இயக்குநர் அறைக்குப் போனார் நாற்பது சார். விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் போனால் நாலு மணி நேரம், ஒன்பதுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். "பஸ்ஸுலயா?"

"விமானம் எட்டு மணிக்குத்தான் சார். ஒருவேளை காத்து கீத்து அடிச்சா..."

"உக்காருங்க" என்றார் இயக்குநர். "நீங்க பஸ்ஸுல ஏறினா, நம்ம இலாகாவே பஸ்ஸுல போகுதுன்னு அர்த்தம். நாப்பது நிமிஷம்னு எழுதினவரே நாலு மணி நேரம் போறாரேன்னு ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்றது? ஜனங்க நம்மள நம்புறாங்கன்னா, அவங்க கடிகாரத்தைப் பாக்காம சான்றிதழைப் பாக்குறதாலதான். அதைக் கெடுத்துடாதீங்க."

"சார் போன மாசம் அங்க கார்ல போனீங்களே..."

"அது ஆய்வு. கீழ இருந்து பாத்தாத்தானே விமானம் எப்படிப் போகுதுன்னு தெரியும்? நல்லாத்தான் போகுது. நான் இங்க வந்து பதினொரு வருஷம் ஆச்சு, ஒரு நாள்கூட அதுல ஏறினதில்ல. எனக்கு வேலை இருக்குல்ல? நேரத்தோட போய்ச் சேர வேண்டாமா?"

சொன்னது தனக்கே எதிராக இருக்கிறது என்று இயக்குநருக்குத் தோன்றவில்லை. நாற்பது சாருக்குத் தோன்றியது. தோன்றியும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். விமான டிக்கெட்டுக்கு அங்கேயே ஏற்பாடாயிற்று. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, இது இலாகா செலவில்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நிலையத்தில் இருந்தார். இரண்டு மணி நேரம் முன்னதாக வர வேண்டும் என்ற விதி அவர் எழுதியதில்லை, பிழை மட்டும் திருத்திக் கொடுத்திருந்தார். பயணிகள் ஒவ்வொருவராக உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். காத்திருப்பது பயணம் ஆகாது என்பதை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. தன் வாசகத்துக்குக் கீழே தானே கையெழுத்துப் போடுவது அவருக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எட்டு மணிக்கு எல்லோரையும் விமானத்தில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். வெளியே கம்பத்தில் காற்றுப் பை படபடவென்று தவறான பக்கம் பறந்தது. அதன் அடியில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, ‘எதிர்’ என்று நோட்டில் எழுதினார். ஒலிபெருக்கி பேசியது. ‘பயணிகள் கவனத்துக்கு. விமானம் தாமதமாகவில்லை. பயணம் இன்னும் தொடங்கவில்லை.’

பக்கத்து இருக்கையில் ஒரு வாத்தியாரம்மா. மடியில் அரக்கு முத்திரை வைத்த கட்டு ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்கு அங்க பரீட்சை" என்றார். "கேள்வித்தாள் என் மடியில இருக்கு. பிள்ளைங்க சந்தோஷமா இருப்பாங்க."

ஒன்பது ஆனது. ஐந்து மணி பஸ் போய்ச் சேர்ந்திருக்கும். பத்து ஆனது. வாத்தியாரம்மா கட்டின் மேல் தாளம் போட ஆரம்பித்தார்.

"நாப்பது நிமிஷம்னு எந்தப் புண்ணியவான் எழுதி வெச்சான்னு தெரியல" என்றார். "அவனைக் கூட்டிட்டு வந்து இந்த சீட்டுல உக்கார வைக்கணும். உங்களுக்குத் தெரியுமா சார், யாருன்னு?"

நாற்பது சார் அந்த சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.

"தெரியலீங்க" என்றார்.

சொன்ன பிறகு வாய் கசந்தது. இருபத்திரண்டு வருடம் பேர் போட்டுக் கையெழுத்திட்ட மனிதர், ஒரு வாத்தியாரம்மாவுக்கு முன்னால் தான் இல்லை என்று சொல்லிவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக் காற்றுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று பத்துக்குக் காற்று திரும்பியது. ஸ்டூல்காரர் எழுந்து கையசைக்க, விமானம் கிளம்பியது. இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியதால் முப்பத்தேழாவது நிமிடமே கீழ் நிலையத்துக்கு மேலே வந்துவிட்டார்கள். சீக்கிரம் போவதும் விதிமீறல்தான். மூன்று நிமிடம் வானத்தில் சுற்றிவிட்டு இறங்கப் போவதாக விமானி அறிவித்தார். கீழே ஆஸ்பத்திரியின் நீலத் தண்ணீர்த் தொட்டி வந்தது, போனது, மறுபடி வந்தது. மூன்றாவது சுற்றில் நாற்பது சார் அதைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

பதினொன்று ஐம்பதுக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. அப்போதும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம்தான். ஆனால் கதவு திறக்கவில்லை. பன்னிரண்டுக்கு அக்காவின் எண்ணிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

"சார், டாக்டர் ரெடி. அம்மாவும் நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம ரெடியா இருக்காங்க. நீங்க கையெழுத்துப் போட எவ்ளோ நேரம் ஆகும்?"

"நாப்பது நிமிஷம்மா" என்றார். அந்தத் தடவை அது ஏறக்குறைய நியாயமான கணக்கு.

கதவு திறந்ததும்தான் விஷயம் தெரிந்தது. இது அந்தத் தடத்தில் பிசகாமல் நடந்த ஆயிரமாவது நாற்பது நிமிடப் பயணமாம். ஓடுபாதை ஓரத்தில் பந்தல், மேடை, மைக். கூட்டத்துக்கு ஆள் இல்லாததால் பயணிகளையே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்பது சார் இந்த விமானத்தில் வருகிறார் என்று மேல் நிலையத்து இயக்குநர் முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருந்தார். மேடையில் நடு நாற்காலி அவருக்கு.

"எனக்கு அவசரமா ஆஸ்பத்திரிக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எங்க இயக்குநர் கிளம்பிட்டார் சார். அஞ்சு கிலோமீட்டர்தான்" என்றார் கீழ் நிலையத்து அலுவலர்.

அந்த ஐந்து கிலோமீட்டரைக் கடக்க இயக்குநருக்கு ஒரு மணி நேரம் ஆனது, வழியில் சாப்பிட்டுவிட்டு வந்தார். அதற்குள் பன்னிரண்டு நாற்பதுக்கு நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள். மேடையில் இரண்டு பக்கமும் அலுவலர்கள். மைக் வேறு எதிரே. நாற்பது சார் வாயைத் திறந்தார். "நாப்பது நிமிஷம்" என்று வந்தது.

இயக்குநர் வந்து மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"பயணிகளே, உங்கள்ல சில பேர் இன்னிக்கு ஆறு மணி நேரம் ஆச்சுன்னு நெனைக்கலாம். அது உங்க சொந்த அனுபவம். சொந்த அனுபவத்தை வெச்சு ஒரு நிர்வாகம் நடத்த முடியாது. நேரத்தைப் பாக்க உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்? அதுக்குத்தான் நாங்க சம்பளம் வாங்குறோம். இந்த நாப்பது நிமிஷத்தை வானத்திலேர்ந்து யாரும் கொண்டு வரல. இதோ, இவர் கையால எழுதினது. அந்தக் கை இது."

நாற்பது சாரின் வலது கையைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினார். முன்வரிசையில் வாத்தியாரம்மா கேள்வித்தாள் கட்டோடு உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வகுப்பில் பொய் சொல்லி மாட்டிய பையனைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டின் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார். நாற்பது சாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒன்று இருபதுக்கு மூன்றாவது தடவை போன் அடித்தபோது அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் கடிகாரம், மறுகையில் போன்.

"சார், இதுக்கு மேல தள்ள முடியாது. இன்னும் எவ்ளோ நேரம்?"

"நாப்பது" என்றார் மெதுவாக. தவளை தன் வாயால் கெடும் என்பது அவருக்குத் தெரியாத பழமொழியா என்ன.

கடிகாரத்தில் முள் நகரவில்லை. இயக்குநர் காதோடு விளக்கினார். "பேட்டரி போடல சார். ஓடுற கடிகாரம் என்னிக்காவது தப்பு காட்டும். நிக்கிற கடிகாரம் நாம வெச்சதைத்தான் காட்டும்."

இரண்டு மணிக்கு நாலாவது தடவை போன் அடித்தது. அதை அவர் எடுக்கவில்லை. இன்னொரு அலுவலர் பேசினார், அதற்குப் பிறகு நன்றியுரை. யாரும் அவரைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கவில்லை. மேடையிலிருந்து இறங்க மூன்றே படி. எழுந்து நடந்திருந்தால் தடுத்திருக்கக்கூட மாட்டார்கள். அதையெல்லாம் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துக் கூனிக் குறுகினார். ஆனால் அன்றைக்கு நன்றியுரை முடியும் வரை உட்கார்ந்துதான் இருந்தார்.

ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது மணி மூன்று. டாக்டரின் கார் வெளியே போய்க்கொண்டிருந்தது.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்கென்று கண்ணாடி, வளையல் எல்லாம் கழற்றி வைத்துவிட்டதில் முகம் சின்னதாக இருந்தது. உதடு வறண்டு வெடித்திருந்தது. நர்ஸ் அப்போதுதான் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா" என்றார் அக்கா, அவர் ‘அக்கா’ என்று கூப்பிட்ட திசையில் முகத்தைத் திருப்பி. "விமானம் லேட்டாடா?"

"இல்லக்கா. சரியான நேரத்துக்குத்தான் வந்துச்சு" என்றார். பதிவேட்டின்படி அது உண்மை.

நர்ஸ் அவரைக் கதவோரம் கூப்பிட்டாள். இருபத்தைந்து வயது இருக்கும், காலையிலிருந்து நின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது.

"ஒவ்வொரு தடவையும் அம்மா டாக்டர்கிட்ட கெஞ்சினாங்க சார். என் தம்பி சொன்னா சொன்னதுதான், சர்க்கார்ல முத்திரை குத்தின நாப்பது நிமிஷம்னு. டாக்டரும் அடுத்த ஆளை, அடுத்த ஆளைன்னு முன்னாடி எடுத்தாரு. ரெண்டு மணிக்கு மேல முடியாதுன்னுட்டாரு. இனி அடுத்த வியாழக்கிழமைதான். வலிக்கு மாத்திரை குடுத்து சமாளிக்கணும்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"இந்தப் படிவத்தை நிரப்பிக் குடுத்துடுங்க. இன்னிக்கு நடந்ததுக்கு அப்புறம் கட்டாயமா வாங்கச் சொல்லிட்டாங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

கடிகாரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து எழுதினார். நோயாளியின் பெயர். நெருங்கிய உறவினர். உறவு முறை. கடைசிக் கேள்வி: அழைத்தால் உறவினர் வந்து சேர ஆகும் நேரம். கை தானாகப் போனது. முத்து முத்தான எழுத்தில் ‘நாற்பது நிமிடம்’ என்று விழுந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, ஒரேயடியாகக் குடித்தால் வலிக்கும் என்று வாய் வாயாகக் குடித்துக்கொண்டிருந்தார். மடக் மடக்கென்று தொண்டை ஏறி இறங்கியது.

நாற்பது சார் அந்த இரண்டு வார்த்தையின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோடு நேராகக்கூட வரவில்லை. பக்கத்தில் ‘ஆறு வருடம்’ என்று எழுதி, திருத்தத்துக்குப் பொறுப்பேற்று சின்னதாகக் கையெழுத்தும் போட்டு, தாளை நர்ஸிடம் கொடுத்தார்.

நர்ஸ் படித்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"என்னம்மா எழுதியிருக்கான்?" என்று கேட்டார் அக்கா. "எனக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல."

நர்ஸ் தாளை இரண்டாக மடித்தாள்.

"நாப்பது நிமிஷம்னு எழுதியிருக்காரும்மா."

அக்கா காலி டம்ளரைத் தம்பியிடம் நீட்டிவிட்டு, பக்கத்துக் கட்டில் அம்மாள் பக்கம் திரும்பினார்.

"காலையிலேர்ந்து சொல்லிட்டே இருந்தேன்ல, நம்பாம பாத்தீங்களே" என்றார். "ரொம்பப் பக்கத்துலதான் இருக்கான்."